வரவேற்பறையில் செத்த தங்கமீன்கள்

"எனக்கு ஒரு கொலைகாரனைப் புடிச்சுக் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார் சுல்தான் பாய்.

சிவமுருகன் துள்ளி எழுந்தான். மகாதேவியிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருந்தான். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கொடைக்கானல் பஜாரில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார் மகாதேவி. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் காதல் ஏதாவது உண்டா, இதுதான் அங்கே வருகிற வழக்கு. ஊரில் யாரும் யாரையும் நம்புவதில்லை என்பதால் அலுவலகத்துக்கு வாடகை கட்ட முடிகிறது.

"செத்தது யாருங்க?" என்றான் சிவமுருகன் ஆவலாக.

பாய் ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு தங்கமீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சிவமுருகனின் முகம் தொங்கிப் போனது. மகாதேவி சிரிக்கவில்லை.

"சொல்லுங்க பாய்."

"போன வருஷம் நெஞ்சு வலி வந்து மதுரைல ஸ்டென்ட் வச்சாங்கம்மா. மனசை அமைதியா வச்சுக்கணும்னாரு டாக்டரு. எம்மக நஜ்லாதான், அத்தா, மீன் வளத்துப் பாருங்கன்னுச்சு. போன மாசம் லாட்ஜு ரிசப்ஷன்ல பெரிய கண்ணாடித் தொட்டி வச்சு, பழனில ஆறு மீன் வாங்கியாந்து அன்னைக்கே விட்டேன். மொத வாரம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சுக. பெறகு தெளிஞ்சு நல்லா ஓடுச்சுக. காலைல ஒரு மணி நேரம் அதுக முன்னாடிதான் உக்காந்திருப்பேன். நேத்து திங்கக்கெழமை வந்து பாத்தா ஆறும் மெதக்குது."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. ஞானவேலு."

சிவமுருகன் நிமிர்ந்தான். சுல்தானும் ஞானவேலும் இருபது வருடக் கூட்டாளிகள் என்பது பஜாருக்கே தெரியும். இருவரும் சேர்ந்துதான் அந்த லாட்ஜை எழுப்பினார்கள்.

"தொட்டி வாங்குறப்பவே, இந்தக் குளிருல மீனெல்லாம் எதுக்கு அண்ணேன்னு கேட்டான். ரூமு கூட்டுற அன்னக்கொடி பாத்திருக்கு. தெனமும் நான் வர்றதுக்கு முன்னாடி வெள்ளனே வந்து தொட்டித் தண்ணிய வாளில மொண்டு எடுத்துட்டு, வேற தண்ணி ஊத்தி, ஏதோ சொட்டு மருந்து விட்டிருக்கான். அவன் டிராயரைத் தொறந்து பாத்தேன். இந்தாங்க, பாட்டில் இருக்கு."

"நேத்து அவர் எங்கே?"

"வியாழக்கெழமையே பழனிப் பக்கம் பாலசமுத்திரம் போயிட்டான், தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு. மெதுவாக் கொல்ற மருந்தா ஊத்திட்டுக் கெளம்பியிருக்கான். இன்னைக்கு வர்றான். நாளைக்குப் பஜார் பெரியவங்களைக் கூப்பிட்டிருக்கேன், லாட்ஜைப் பிரிச்சுக்கப் போறோம். அவன்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

மகாதேவி அந்தச் சின்ன பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு பாயை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியிலும் தொப்பியிலும் ஒரு தூசு கிடையாது. மெரூன் நிற ஸ்வெட்டரின் கைகளில் மட்டும் முழங்கை வரை வெளிறிய திட்டுகள்.

லாட்ஜில் கால் வைக்கவே சிவமுருகனுக்குக் கூச்சமாக இருந்தது. தரை பளபளத்தது, சாம்பிராணி மணத்தது. தொட்டிக்குள் கூழாங்கற்கள்கூடத் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போல மின்னின. தண்ணீர் தெளிந்து கிடந்தது.

"வெஷம் கலந்த தண்ணி மாதிரியே இல்ல மேடம்" என்றான் அவன்.

"வேற என்ன இல்ல, பாரு."

அவன் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. மகாதேவி தொட்டியின் மூலையில் இருந்த ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருந்த பஞ்சை எடுத்துக் காட்டினார். இப்போதுதான் கடையில் வாங்கியதுபோல வெள்ளையாக இருந்தது.

அன்னக்கொடி வாளியும் துடைப்பமுமாக வந்து நின்றாள். ஞானவேல் மொண்ட தண்ணீரை என்ன செய்தார் என்று கேட்டார் மகாதேவி.

"ரோசாச் செடிக்கு ஊத்துவாருங்க. செடி நல்லாத்தான் இருக்கு. இந்த மீன் சோலியே ஒரு ரோதனைங்கம்மா. வெள்ளிக்கெழமை காலைல லாரித் தண்ணி புதுசா வந்து எறங்கியும், மத்தியானம் ரூமுக்கெல்லாம் குளிக்கத் தண்ணி பத்தல. எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல, வந்தவுக என்னைய ஏசுறாக."

மகாதேவி வெளியே போய், மீன் விற்ற பழனிக் கடைக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரம்தான் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகம் கடுத்திருந்தது. கேஸ் முடிந்துவிட்டால் அவருக்கு எப்போதும் சந்தோஷம் வரும். அன்றைக்கு வரவில்லை.

பிற்பகலில் தோளில் பையோடு ஞானவேல் உள்ளே நுழைந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. மகாதேவி எல்லோரையும் தொட்டியைச் சுற்றி உட்காரச் சொன்னார். ஞானவேல் உட்காரவில்லை.

"பாய், ஞானவேல் வியாழக்கிழமை வெஷம் வச்சார்னே வச்சுக்குவோம். வெள்ளிக்கிழமை தொட்டித் தண்ணி பூராவும் வெளிய போயிருச்சு. வெஷமும் சேர்ந்துதானே போயிருக்கணும்? திங்கக்கிழமை எப்படிக் கொல்லும்?"

"தண்ணி போச்சுன்னு யார் சொன்னா?"

"குளிக்கத் தண்ணி பத்தாமப் போனது சொல்லுச்சு. உங்க ஸ்வெட்டரும் சொல்லுச்சு. அது பிளீச்சிங் பவுடர் பட்டு வெளுத்த திட்டு. முழங்கை வரைக்கும் கையை விட்டு நீங்க எதைக் கழுவினீங்க?"

சுல்தான் பாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"ஜும்ஆ தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி கடை கண்ணியெல்லாம் கழுவி விடுறது எங்கத்தா காலத்துப் பழக்கம். மத்த வாரமெல்லாம் கண்ணாடியை மட்டுந்தான் தொடைப்பேன். இந்த வாரம் பாத்தா பஞ்சு பூரா பழுப்பேறி வழுவழுன்னு கெடந்துச்சு. மீனுங்களைப் பாத்திரத்துல எடுத்து வச்சுட்டு, கல்லு, பஞ்சு எல்லாத்தையும் நானே தேச்சு, நாலு தடவை அலசி, புதுத் தண்ணி ஊத்துனேன். அழுக்கைக் கழுவுறது தப்பாம்மா?"

"அது அழுக்கு இல்ல பாய். புதுத் தொட்டில மீனை விட்டா, அது போடுற கழிவே அதுக்கு வெஷம். அந்த வெஷத்தைத் தின்னுற நுண்ணுயிரு பஞ்சுலயும் கல்லுலயும் வளர ஒரு மாசமாவது ஆகும், இந்தக் குளிருல இன்னும் லேட்டாகும். அதுவரைக்கும் தெனமும் கொஞ்சம் தண்ணிய மாத்தித்தான் மீனைக் காப்பாத்தணும். நீங்க கழுவுனது அந்த உயிருங்களை. பெறகு தண்ணிய மாத்த ஆளும் ஊருல இல்ல."

"அப்ப அந்தச் சொட்டு மருந்து?"

"லாரித் தண்ணில இருக்கிற லேசான குளோரினை முறிக்கிற மருந்து. பழனிக் கடைக்காரர், ஞானவேல் போய்க் கேட்டப்ப அதைத்தான் குடுத்திருக்கார்."

சிவமுருகனால் பொறுக்க முடியவில்லை. "அதை ஏன் சார் ஒளிச்சு ஒளிச்சுச் செஞ்சீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஞானவேல் அவனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "மீனு சாகக் கெடக்குன்னு சொன்னா இவரு தூங்க மாட்டாருப்பா. நெஞ்சுக்கு ஆகாது. நல்லா ஓடட்டும், பாத்துட்டு உக்காந்திருக்கட்டும்னு விட்டேன்."

சுல்தான் பாய் எழுந்தார். கண் கலங்கிவிட்டது. "தப்புப் பண்ணிட்டேன் ஞானவேலு. என்னை மன்னிச்சுரு. நாளைக்கு யாரும் வர வேணாம்னு சொல்லிடுறேன். நாம எப்பவும் போல இருப்போம்."

"மீன் செத்ததுக்கு மன்னிப்பு எதுக்குங்க பாய்? அது தெரியாமச் செஞ்சது."

அண்ணே என்று கூப்பிட்டே பழகியவர் பாய் என்றதும் அன்னக்கொடிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் டிராயரைத் தொறந்தீங்கள்ல, அதைத்தான் சொல்றேன். வெஷம் இருக்கும்னு நெனச்சுத்தானே தொறந்தீங்க? நாளைக்கே உங்களுக்கு நெஞ்சைப் புடிக்குதுன்னு வைங்க. நாந்தான் ஓடியாந்து மாத்திரை எடுத்துக் குடுக்கணும். வாங்கி அப்படியே வாயில போட்டுக்குவீங்களா? மாத்திரைதானான்னு ஒரு தடவை பாப்பீங்களா?"

"பாக்க மாட்டேன்" என்றார் சுல்தான் பாய்.

சொல்லுமுன் ஒரு கணம் தயங்கிவிட்டார். அந்தத் தயக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மகாதேவிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"பெரியவங்க நாளைக்கு வரட்டும். பிரிச்சுக்குவோம்" என்றார் ஞானவேல். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அன்றிரவு தங்கச்சி வீட்டிலேயே தங்கப் பழனி பஸ் பிடிக்க, வந்த வழியே இறங்கிப் போனார்.