சிமெண்ட் களத்துக்கு அடியில்...

"ஐயோ... எம்புருஷனக் காணோமே!"

சாராளின் அலறலில் போலீஸ் ஸ்டேஷன் ஓடு அதிர்ந்தது!

1938. அம்பத்தூர். விடாத ஐப்பசி மழை.

சப்-இன்ஸ்பெக்டர் உலகநாதன் துள்ளி எழுந்தார்.

"எப்பலேர்ந்தும்மா?"

"நேத்து காத்தாலேர்ந்து சார்! முந்தாநேத்து பக்கத்து ஊட்டு கோதண்டத்தோட சண்டை. 'இங்கயே பொதைச்சுடுவேன்'னாரு. நேத்து அவரு களத்து மூலைல புதுசா சிமெண்ட் பூசிகினு இருந்தாரு..."

உலகநாதனின் மீசை துடித்தது.

"பொணம் அங்கதான்! யோவ் திருவேங்கடம்... கடப்பாரை எடுய்யா!"

கான்ஸ்டபிள் திருவேங்கடம் எடுத்தார்.

மேனாம்பேடு.

ரைஸ்மில் கோதண்டம் நெல் காயப்போட மனை முழுவதும் சிமெண்ட் போட்டிருந்தார். மழைத்தண்ணீர் இறங்க மூன்றில் ஒரு பங்கை மண்ணாக விடவேண்டும் என்பது பஞ்சாயத்து போர்டு ரூல். ரூல், ஆபீஸ் அலமாரியில் சௌக்கியமாக இருந்தது.

தண்ணீர், சாராள் வீட்டில் முழங்கால் வரை இருந்தது! இன்னொரு மழைக்கு அந்த மண்சுவர் நிற்காது. பாவம், ஐந்து மனு எழுதிப் போட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"எலி வளைய அடைச்சேன் சார்!" கோதண்டம் அலறினார்.

"எல்லாக் கொலைகாரனும் இதான்யா சொல்றான்! உடை!"

டமார்...! மண். வெறும் மண்.

"அதோ... அங்க கொஞ்சம் ஈரமா கீது சார்," சாராள் விசும்பினாள்.

டமார்!

"இந்தாண்ட வெடிப்பு கீது சார்..."

டமார்! டமார்!

திருவேங்கடத்துக்கு நாக்கு தள்ளியது. பெயர்ந்த இடமெல்லாம் தண்ணீர் சளசளவென்று மண்ணுக்குள் இறங்கியது.

சாராள் காலடி எண்ணி நடந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும் சார். மூணுல ஒரு பங்கு ஆயிடுச்சு."

"இன்னாது?!"

அந்த நேரம் பார்த்து, குடையும் பையுமாக வந்து நின்றான் அவள் புருஷன் வேதமுத்து.

"இன்னா சாரா, தண்ணி வடிஞ்சுதா? தங்கச்சி வேப்பம்பட்டுலேர்ந்து முறுக்கு குடுத்தனுப்புச்சு."

"பொய் கம்ப்ளெயிண்டா?!" உலகநாதன் கர்ஜித்தார்.

"காணோம்னுதான் சார் சொன்னேன். பொணம்னு சொன்னது நீங்க. தண்ணின்னு அஞ்சு மனு போட்டேன், ஒரு ஆள் வர்ல. புருஷனக் காணோம்னேன்... அரை அவர்ல கடப்பாரையே வந்துடுச்சு!"

உலகநாதனுக்குக் குப்பென்று வேர்த்தது. போன மாதம்தான் தன் வீட்டு மனையிலும் ஓர் அங்குலம் விடாமல் சிமெண்ட் போட்டிருந்தார்!

திருவேங்கடத்தைத் தனியே இழுத்தார்.

"யோவ்... ஓடிப்போய்ப் பாரு. என் பக்கத்து வீட்டுக்காரன் ஊர்ல இருக்கானா?"