நான்கு சக்கரங்களின் குங்குமம்

மார்கழிக்கு இந்தத் தீவில் பனி இல்லை. மழையே அதன் திருமேனி. வடகிழக்கில் எழும் கார்முகில் கடல் கடந்து வந்து, விடியலை விடியவிடாமல் மறித்து, ஈசூன் அடுக்குமாடிகளின்மேல் கரிய போர்வையென இறங்கும். மழைமரங்கள் இலை கூப்பி நிற்கும். சாலைகள் கண்ணாடியாகும்; அதில் வாகனங்கள் தம் விளக்கொளியின்மேல் தாமே ஊர்ந்து செல்லும். வானம் வேண்டினார்க்கும் வேண்டாதார்க்கும் ஒரே அளவில்தான் பொழிகிறது. ஆயினும் அந்த அருளின்மேல் கார் ஓட்டிச் செல்வோர்க்குச் சிறிது அச்சம் எப்போதும் உண்டு.

அத்தகையதொரு ஞாயிற்றுக்கிழமை. காலை 7.10.

பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்தில் ரத்னவேல் தம் காரருகே குந்தியிருந்தார். முந்தின நாள் பூட்டிய புதிய டயர்களை ஆற அமரப் பார்த்து மகிழவே அவர் இறங்கி வந்தார். இப்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

மேல்தளத்திலிருந்து திருப்பலிக்குப் புறப்பட்டு வந்த ஆம்ப்ரோஸ் தம் காரை நிறுத்தி இறங்கினார். ஒரே கட்டடத்தில் வசிப்பவர்; காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வாகன விபத்துகளை ஆராய்ந்து சொல்வது அவர் தொழில்.

"என்ன ரத்னவேல், டயருக்குத் தாலாட்டா?"

"விளையாடாதீங்க ஆம்ப்ரோஸ். இது என் டயரே இல்ல!"

ஆம்ப்ரோஸ் குனிந்தார். நான்கும் தேய்ந்த டயர்கள். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பள்ளங்கள் ஏறக்குறைய மறைந்திருந்தன. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும், உச்சியில், சந்தனம் தடவி அதன் நடுவே குங்குமம் வைத்திருந்தது. நான்கும் அழகாக, நிமிர்ந்து, அம்மன் நெற்றியில் இட்டதுபோல் இருந்தன.

ரத்னவேலின் ஆற்றாமைக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே மாரிக்காலத்தில் அவர் மனைவி பஞ்சவர்ணம் ஓட்டிச் சென்ற கார் விரைவுச்சாலையில் வழுக்கித் திரும்பித் தடுப்பில் மோதியது. உயிர் பிழைத்தாள்; ஆனால் அதன்பின் மழையில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாலே அவள் கை நடுங்கும். எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்தான் வேண்டும் என்று ரத்னவேல் பிடிவாதமாகக் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடைக்காரர் ஆழமான பள்ளம் வேண்டும் என்றார். இன்னொருவர் அது இந்தச் சூட்டில் சீக்கிரம் தேயும் என்றார். மூன்றாமவர் வாய்விட்டுச் சிரித்தார்: "நமக்கு இங்க ரெண்டே சீசன் லா. ஒண்ணு மழை, இன்னொண்ணு டுரியான் பழம்!" இறுதியில் ஜூரோங்கில் பட்டறை வைத்திருக்கும் ஜெரார்ட், பக்கவாட்டில் பனிமலைச் சின்னம் பொறித்த டயர்களைச் சொல்லி வைத்து வரவழைத்தார்.

"நேத்து பட்டறையில நாலையும் என் கண்ணால பாத்தேன். மாட்டுற நேரத்துல சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்ததும் நல்ல நேரம் முடியப் போகுதுன்னு பஞ்சவர்ணம் அவசரப்படுத்துனா. நேரா தோ பாயோ கோயில். ஐயர் நாலு டயருக்கும் சந்தனம் குங்குமம் வச்சாரு, எலுமிச்சம்பழம் வச்சு அது மேல வண்டிய ஏத்துனோம், வீட்டுக்கு வந்துட்டோம்."

"கோயில்ல டயரைப் பாக்கலையா?"

"சாமியைப் பாத்தேன். டயரையா பாப்பாங்க?" அவர் குரல் உயர்ந்தது. "குங்குமம் இந்த டயர்ல இருக்கு. அப்ப கோயிலுக்குப் போனதும் இதே டயர்தானே? பட்டறையிலேயே மாத்திட்டான் அந்த ஃபிட்டர். ஜெரார்ட்கிட்ட சொல்லிட்டேன். நாலு மணிக்குள்ள டயர் வரலன்னா போலீஸ் ரிப்போர்ட், அவன் வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுறேன்னு அவரும் சொல்லிட்டாரு."

"ஃபிட்டர் யாரு?"

"செலஸ்டின்னு ஒரு பையன்."

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தார். தூத்துக்குடியிலிருந்து வந்த செலஸ்டின், அவருடைய பங்கு ஆலயத்தின் தமிழ்ப் பாடற்குழுவில் பாடுகிறவன். இப்படி அனுப்பப்பட்டவன் மீண்டும் இந்த ஊருக்கு வேலைக்கு வருவது அரிது.

"காரை ஒரு அங்குலம்கூட நகர்த்தாதீங்க," என்றார் ஆம்ப்ரோஸ். ஏன் அப்படிச் சொன்னோம் என்பது அவருக்கே அப்போது விளங்கவில்லை. ஏதோ ஒன்று கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை.

காலை 9.30.

திருப்பலி முடிந்து திரும்பிய ஆம்ப்ரோஸுக்குப் பஞ்சவர்ணம் தேநீர் கொடுத்தாள். அவள் தம்பி பிரபாகர் சாப்பாட்டு மேசையில் இருந்தான். பக்கத்துக் கட்டடத்தில் வசிப்பவன், வாடகைக் கார் எடுத்துப் பயணிகளை ஏற்றிப் பிழைப்பவன்.

"அந்த ஃபிட்டர்தான் அங்கிள். வேற யாரு? குங்குமமே சாட்சி லா."

"நேத்து கோயிலுக்கு நீங்களும் போனீங்களா தம்பி?"

"போனேன். நாங்க மூணு பேர்தான்."

"உங்க கார்?"

"அதே மாடல் அண்ணே," என்றாள் பஞ்சவர்ணம். "இவன் காரை ஓட்டிப் பாத்துதான் நாங்களும் அதையே வாங்குனோம். கலர் மட்டும் வேற."

"இன்னிக்கு ஓட்டலையா?"

"பன்னிரண்டு மணிக்குக் கம்பெனியில செக்கிங்," என்றான் பிரபாகர். "நாலு மாசமா டயரு மாத்தக் கேக்குறேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாங்க. செக்கிங்னு வந்தா மட்டும் குத்தம் நம்ம மேலதான். கார புடுங்கிட்டா அப்புறம் நான் எங்க போவேன்?"

"சரி, நீ முதல்ல சாப்பிடு," என்றாள் பஞ்சவர்ணம், அவன் தட்டில் இன்னொரு தோசையை இட்டபடி.

பகல் 11.40. தேக்கா.

கடைத்தெருவில் தமிழ்த் தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மழைக்கு ஒதுங்கிக் கடைவாசல்களில் அடைந்திருந்தது. ஆம்ப்ரோஸ் தேடி வந்தபோது செலஸ்டின் ஒரு சாப்பாட்டுக்கடை ஓரம் நின்றிருந்தான். முன்னே இருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

"மாட்டுனது நான்தான் அண்ணே. பனிமல படம் வெளிய தெரியுற மாதிரி வச்சு மாட்டுனேன். இந்த ஊருல எவன் பனியில ஓட்டப் போறான்னு சிரிச்சுக்கிட்டேதான் மாட்டுனேன்."

"பாத்தவங்க யாராவது?"

"சாப்பாட்டு நேரம். நான் மட்டும்தான் இருந்தேன்." அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "மொதலாளி ஃபோன்ல என்ன சொன்னாரு தெரியுமா? திருப்பிக் குடுத்துடு, மன்னிச்சுடுறேன்னாரு. எதத் திருப்பிக் குடுக்க? எங்கிட்ட இல்லாதத எங்க போய்த் தேட? இல்லன்னு சொன்னா பொய்ங்கிறாரு. ஆமான்னு சொன்னா திருடன். நான் என்னதான் சொல்லட்டும்?"

வாகனங்களைப் படித்து உண்மை சொல்வதே தொழிலாகக் கொண்ட ஆம்ப்ரோஸை ஒரு துளிக் குங்குமம் மறித்தது. குடையை விரித்து நடந்தார். சிக்னலில் நின்றார்.

எதிரே மாலை சூட்டிய புதிய சரக்கு வண்டி ஒன்றும் நின்றது. அன்றுதான் பூசை முடித்து வந்திருந்தது போலும். முன்சக்கரத்தின் குங்குமம் தரையருகே கிடந்தது. பின்சக்கரத்தின் குங்குமம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

சாலையைக் கடப்பதற்கான பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. ஆம்ப்ரோஸ் நகரவில்லை. மறுபடியும் எரிந்தது. அவர் கைப்பேசியை எடுத்தார்.

"ரத்னவேல், கார் நின்ன இடத்துலதானே இருக்கு? மூணு மணிக்கு எல்லாரும் கீழ வாங்க. பிரபாகரைக் காரோட வரச் சொல்லுங்க."

பிற்பகல் 3.00.

இரண்டு கார்களும் நான்காம் தளத்தில் அருகருகே நின்றன.

"நாலு டயரையும் பாருங்க," என்றார் ஆம்ப்ரோஸ். "குங்குமம் எங்க இருக்கு?"

"மேல," என்றாள் பஞ்சவர்ணம்.

"நாலுலயும்?"

"நாலுலயும்தான். அதுல என்ன அண்ணே?"

"தோ பாயோவுல ஐயர் வச்சாரு. அப்புறம் கார் உருண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கு. ஒவ்வொரு திருப்பத்துலயும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமா ஓடும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடும். இந்தக் கட்டடத்துலயே நாலு மாடி வளைஞ்சு வளைஞ்சு ஏறி வந்திருக்கீங்க. ஒரு சக்கரத்துப் பொட்டு தற்செயலா மேல நிக்கலாம். நாலும் ஒண்ணாவா நிக்கும்?"

ரத்னவேல் சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்தார். மழை தடுப்புச்சுவரில் அறைந்துகொண்டிருந்தது.

"அப்ப இந்தக் குங்குமம்..." என்றார் ரத்னவேல்.

"கோயில்ல வச்சது இல்ல. கார் இங்க வந்து நின்னதுக்கு அப்புறம், இதே இடத்துல வச்சது. கோயிலுக்குப் போனது உங்க புது டயர்தான். செலஸ்டின் சரியாத்தான் மாட்டியிருக்கான். மாத்துனவன் பட்டறை ஆள் இல்ல. இந்தக் காருக்கு அப்படியே பொருந்துற நாலு பழைய சக்கரம் அவன்கிட்ட இருந்துச்சு. கோயில் குங்குமப் பொட்டலமும் இருந்துச்சு. எந்த மாதிரி வச்சாங்கன்னும் தெரிஞ்சிருந்துச்சு."

அவர் மற்றக் காரின் பக்கம் திரும்பிக் குனிந்தார். ஈரச் சக்கரத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பனிமலைச் சின்னம் பளிச்சிட்டது.

பிரபாகர் உதட்டை நனைத்துக்கொண்டான். "நானும் அதே டயரு வாங்கக் கூடாதா?"

ஆம்ப்ரோஸ் முன்சக்கரத்தின் ஆழ்ந்த பள்ளத்தில் சாவிமுனையை விட்டு நெம்பினார். நசுங்கிய எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு, அதனோடு ஒட்டிய ஒரு விதை. உள்ளங்கையில் ஏந்திப் பஞ்சவர்ணத்திடம் நீட்டியபடி பிரபாகரைக் கேட்டார்.

"இதையும் வாங்குனீங்களா தம்பி?"

பிரபாகர் சுவரில் சாய்ந்தான். "நேத்து ராத்திரி மாத்துனேன் அக்கா, ஒரே ஒரு நாளைக்குத்தான். செக்கிங் முடிஞ்சதும் இன்னிக்கே மாத்தி வச்சிடலாம்னு... அத்தான் காலையிலேயே வந்து டயரைப் பாப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா!" என்றார் ரத்னவேல்.

"போன மாசம் காரையே ஒரு நாள் கேட்டேன் அத்தான். குடுத்தீங்களா?"

ரத்னவேல் பழைய டயர்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஞ்சவர்ணம் தம்பியின் அருகே சென்றாள். "அந்த வழுக்கை டயர்ல, இந்த மழையில, நான் வண்டிய எடுத்திருந்தா?"

பிரபாகர் தரையைப் பார்த்தான். "பொட்டு இல்லாம விட மனசு வரல அக்கா," என்றான்.

அங்கேதான் அவன் பிடிபட்டான். கண்ட இடத்தில் கோணலாக இட்டிருந்தால் எவரும் அறிந்திரார். ஆனால் நெற்றியில் நேராக இட்டே பழகிய விரல், திருட்டிலும் கோணலாக இட மறுத்துவிட்டது.

மணி 3.35. ரத்னவேல் ஜெரார்டை அழைத்தார். "தப்பு எங்க வீட்டுல ஜெரார்ட். அந்தப் பையன் மேல ஒண்ணும் இல்ல." செலஸ்டினின் பெர்மிட் அப்படியே இருக்கும் என்றார் ஜெரார்ட்.

பிரபாகரே கழற்றினான், பிரபாகரே பூட்டினான். எவரும் உதவவில்லை.

மாலை, மழை விடவில்லை. பஞ்சவர்ணம் ஓட்ட, ரத்னவேலும் ஆம்ப்ரோஸும் தேக்காவுக்குச் சென்றார்கள். விரைவுச்சாலையில் நீர் தேங்கிய இடத்தில் சக்கரங்கள் வழுக்காமல் பற்றிச் சென்றன. அவள் கை நடுங்கியது, ஆயினும் ஓட்டினாள்.

செலஸ்டின் கடையோரம் அதே இடத்தில் நின்றிருந்தான். ரத்னவேல் இறங்கி, குடை பிடிக்கவும் மறந்து, "மன்னிச்சுடு தம்பி," என்றார்.

"மன்னிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு," என்றான் செலஸ்டின். அவன் கண் சிவந்திருந்தது. "காலையில எனக்கு ஒரு ஃபோன் போட்டு, என்னப்பா நடந்துச்சுன்னு கேட்டிருக்கலாம். ஒருத்தர்கூடக் கேக்கல."

ஆம்ப்ரோஸும் அவனிடம் முதலில் கேட்டது, பார்த்தவர் உண்டா என்றுதான். அது நினைவுக்கு வர, அவர் தலை தாழ்ந்தது.

செலஸ்டின் காரைப் பார்த்தான். "யாரு மாட்டுனா?"

"என் தம்பி," என்றாள் பஞ்சவர்ணம்.

"அப்ப நான் ஒரு தடவ பாத்துடுறேன்க்கா." பின்பெட்டியிலிருந்து திருகியை வாங்கி, மழையில் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நட்டுகளையும் இழுத்து இறுக்கினான். இறுதிச் சக்கரத்தை முடித்தபின் உடனே எழவில்லை. கட்டைவிரலால் ஈர டயரின்மேல் சிறியதொரு சிலுவை வரைந்தான், உதடு அசைந்தது, ஒலி எழவில்லை. அடுத்த சக்கரத்துக்குச் சென்றான். அதற்கும் வரைந்தான். நான்குக்கும் வரைந்தான். மழை அவற்றை உடனுக்குடன் அழித்துக்கொண்டே வந்தது.

பஞ்சவர்ணம் கைகூப்பி நின்றாள்.

"நல்லா இருப்பா," என்றாள்.

"நீங்களும் பத்திரமா போய்ட்டு வாங்கக்கா."

மாரி பொய்யாது பொழிக. நனைந்த நெறியில் செல்வார் யாவரும், அவர்தம் சக்கரம் பூட்டிய கைகளும், நலமே வீடு சேர்க.