காணாமல் போன அறுபத்தொரு சீட்டு

ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து எண்ணூறு. குழிவெட்டிக்கு நகராட்சி வைத்திருந்த பாக்கி அவ்வளவு. குழிக்கு நானூறு வீதம் முன்னூற்றுப் பன்னிரண்டு குழி. தொற்று இரண்டாம் முறை வந்து ஊரைப் புரட்டிப் போட்ட நாலு மாதத்தில், அவனும் அவன் அக்காவும் முதுகெலும்பு தேய வெட்டி மூடிய குழிகள். வெட்டியது தம்பி. பிணத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு வந்து சேர்த்தது அக்கா. ஊரே அவளை வண்டியக்கா என்றுதான் கூப்பிடும்.

அன்று கணக்குப் பார்க்கும் நாள்.

காலை 9.10. சுகாதார அலுவலகத்தின் பதிவறை. சுகாதார அதிகாரி இரும்பு அலமாரியைத் திறந்தார். பூட்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளே தகரப் பெட்டி. பெட்டிக்குள் மஞ்சள் சீட்டுகள். புதைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: பெயர், வயது, குழிக்கு முன்பே அடித்துவைத்த முளையின் எண், இறந்த தேதி, தடுப்பூசி போட்டாரா, போட்டால் எந்தத் தேதி. அந்த நாலு மாதமும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் இல்லை. சீட்டு மட்டும்தான் சாட்சி.

அதிகாரி எண்ணினார். தலைமை நர்ஸ் எண்ணினார். மேற்பார்வைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரும் எண்ணினார்.

இருநூற்று ஐம்பத்தொன்று.

"இன்னொரு தடவை எண்ணுங்க சார்" என்றான் குழிவெட்டி.

"மூணு பேர் எண்ணியாச்சு" என்றார் அதிகாரி. "நீ வெட்டினது இருநூத்தி அம்பத்தொண்ணு. கேக்கறது முன்னூத்திப் பன்னிரண்டு. அறுபத்தொரு பொணத்தை எங்கேருந்து கொண்டு வந்தே?"

"மண்மேடு இருக்கு சார். போய்ப் பாருங்க!"

"மண்ணைக் குவிச்சா மேடு. தோண்டிப் பாக்க ஆறு மாசத்துக்கு அனுமதி கிடையாதுன்னு தெரிஞ்சுதானே குவிச்சே?"

"முளை நம்பர் நடுநடுவுல விட்டுப் போயிருக்கே சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேரு, பாறை வந்தா அந்த முளையைத் தாண்டிப் போவாங்க. வெத்து இடம்" என்றார் அதிகாரி.

குழிவெட்டி சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தான். செத்தவர்களை வைத்துப் பொய்க்கணக்கு எழுதினான் என்ற பேர். கூலி போகட்டும். அந்தப் பேரோடு எந்தத் தெருவில் நடப்பது? கதவோரம் நின்ற வண்டியக்கா அவனைப் பார்த்தாள். தம்பி மணியைக்கூடத் தப்பாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

வெளியே வாசலில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம், "செத்தது மூவாயிரம், மறைக்காதே!" என்றது. இன்னொரு கூட்டம், "கொன்னது ஊசி!" என்றது. டிவிக்காரர்கள் இரண்டு பக்கமும் மைக்கை நீட்டினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அதிகாரி கணக்கை வாசிப்பதாக ஏற்பாடு.

"பன்னிரண்டுக்கு வாசிச்சுட்டு இவனை ஸ்டேஷனுக்கு அழைச்சிட்டுப் போங்க" என்றார் அதிகாரி.

தலைமை நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரைக் குழிவெட்டியிடம் நீட்டினார். ஊரில் பாதிப் பேர் கையில் ஊசி குத்தியவர் அவர். இந்த நாலு மாதத்துக்குள் தன் கணவரையே பறிகொடுத்தும், மூன்றாம் நாள் முகாமுக்கு வந்து நின்றவர். வண்டியக்காவுக்கு ஊசி போட்டபோதுகூட, "குத்தின அன்னைக்கே குதிச்சு ஆடாதீங்கக்கா. பதினாலு நாள் ஆனாத்தான் உடம்புல பலம் ஏறும். அதுவரைக்கும் எங்க கணக்குல நீங்க போடாதவங்கதான்" என்று சிரித்தவர்.

9.40. இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

"அலமாரிக்கு எத்தனை சாவி?"

"மூணு" என்றார் அதிகாரி. "எனக்கொண்ணு. நர்ஸம்மாவுக்கு ஒண்ணு. காவலாளி வளையத்துல ஒண்ணு."

"எண்ணிக்கை குறைஞ்சா உங்களுக்கு லாபமா?"

அதிகாரியின் கழுத்து சிவந்தது. "நிம்மதி. மறைக்க மாட்டேன். அதுக்காகத் திருடுவேனா?"

அடுத்து காவலாளி. தடுப்பூசிக்கு எதிராகத் துண்டுத்தாள் அடித்து ஊரெல்லாம் கொடுப்பதால் அவனுக்கு நோட்டீஸ் என்று பேர்.

"உங்கிட்டயும் சாவி இருக்கு?"

"எல்லா சாவியும் இருக்கு சார். கக்கூஸ் சாவி உட்பட."

"சீட்டை எடுத்தியா?"

"எடுத்திருந்தா இந்நேரம் அச்சடிச்சு உங்க கையிலயே திணிச்சிருப்பேன். ஊசி குத்தின மூணாம் நாள், அஞ்சாம் நாள் போய்ச் சேர்ந்தவங்க சீட்டு அந்தப் பெட்டியில இருக்குன்னு ஒரு வருஷமா கத்தறேன். எவன் காட்டறான்?"

"நீங்க நர்ஸம்மா?"

"நான் ஊசி போடறவ சார்" என்றார் அவர்.

வண்டியக்கா முன்னால் வந்தாள்.

"சார், அந்தப் பெட்டியை ஒரு தடவை நான் பாக்கணும்."

அதிகாரி சிரித்தார். "நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்மா."

அது பொய்யில்லை. நாற்பத்திரண்டு வயதில், வேலை முடிந்த கையோடு மண் கழுவிக்கொண்டு போய் எழுத்துப் படித்தவள் அவள். இன்னும் விரல் வைத்துத்தான் படிப்பாள்.

"பதினொன்றரை வரைக்கும் நேரம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சீட்டுகளை எண்ணியிருந்தார்கள். அவள் படித்தாள். ஒவ்வொன்றாக, வரி வரியாக, உதடு அசைய. பெயர் வந்தபோது சில முகங்கள் வந்தன. சிலருடைய கனம் ஞாபகம் வந்தது. படித்த சீட்டைத் தன் இடப்பக்கம் வைத்தாள். எப்போதாவது ஒன்றை வலப்பக்கம் வைத்தாள்.

11.25. இடப்பக்கம் இருநூற்று நாற்பத்தேழு. எல்லாவற்றிலும், 'ஊசி: போடவில்லை.' வலப்பக்கம் வெறும் நாலு. அந்த நாலு பேரும் ஊசி போட்டவர்கள். போட்டு மூன்றாம் நாள் இறந்தவர் ஒருவர். ஐந்தாம் நாள் ஒருவர். ஒன்பது. பதினொன்று.

அவள் விரல் அந்தத் தேதிகளின் மேல் நின்றது. மறுபடி படித்தாள். தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டாள். பிறகு முளை எண்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். இருநூற்று ஆறு இருந்தது. அடுத்தது இருநூற்று எட்டு.

அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவே விரலை வைத்தாள்.

11.35.

"யாருன்னு தெரிஞ்சிடுச்சு சார்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. "சீட்டு திருடினவங்க பெட்டியில கையை விட்டு அள்ளிட்டுப் போகல. பொறுக்கி எடுத்திருக்காங்க. ஊசி போட்டுக்கிட்டும் செத்தவங்க சீட்டா பாத்துப் பொறுக்கியிருக்காங்க. இந்த நாலைத் தவிர ஒண்ணுகூட மிச்சமில்ல."

"அதிகாரி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவருக்கு மொத்தம் குறைஞ்சாப் போதும். எந்தச் சீட்டா இருந்தா என்ன? மேலாப்புல ஒரு கத்தை உருவியிருப்பாரு."

அதிகாரிக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"அப்போ நோட்டீஸ்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஊசி போட்டவங்க சீட்டு அவனுக்குத்தானே வேணும்?"

"வேணும். ஆனா மூணாம் நாள், அஞ்சாம் நாள் சீட்டுன்னா அவனுக்கு உசுரு. அதுதான் அவன் முதல்ல எடுக்கிறது. அதையே விட்டுட்டுப் போவானா? இந்த நாலையும் ஊசி போட்டவங்கன்னு நினைக்காத ஒருத்தர்தான் விட்டிருக்க முடியும். பதினாலு நாள் ஆகலேன்னா போடாதவங்க கணக்குன்னு பழகின கை சார் அது. தன்னை அறியாமலே ஒதுக்கிட்டுப் போயிருக்கு."

யாரும் நர்ஸைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

"நீ என்னம்மா பேசறே?" என்றார் அதிகாரி. "அவங்களைப் போயா?"

"என் நாக்கு அழுகட்டும் சார், பொய்யா இருந்தா." வண்டியக்கா திரும்பினாள். "நர்ஸம்மா, இருநூத்தி ஏழாம் முளை. வேரு இல்ல, பாறையும் இல்ல. நானே வண்டியில கொண்டு வந்தேன். என் தம்பி வெட்டினான். நீங்க பக்கத்துல நின்னு முதல் பிடி மண்ணைப் போட்டீங்க. உங்க வீட்டுக்காரர் சீட்டு எங்கம்மா?"

நர்ஸ் பின்வாங்கியதில், குழிவெட்டி பாதி குடித்து வைத்திருந்த டம்ளர் கால் பட்டு உருண்டது. தண்ணீர் சீட்டுகளை நோக்கி ஓடியது. வண்டியக்கா சட்டென்று முந்தானையால் அணை கட்டினாள்.

"அவருக்கு ரெண்டு ஊசியும் நான்தான் போட்டேன்" என்றார் நர்ஸ். "ஏற்கெனவே நுரையீரல் கெட்டுப்போன மனுஷன். என் கையாலதான் போட்டேன்."

"சீட்டெல்லாம் எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மருந்துப் பெட்டியில. ஐஸுக்கு அடியில. கொளுத்தணும்னுதான் எடுத்தேன். மனசு வரல."

பெட்டியைக் கொண்டு வந்தார்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, குளிர்ந்து போய் இருந்தன. அறுபத்தொன்று. மேலாக இருந்தது இருநூற்று ஏழு.

குழிவெட்டி அழவில்லை. நர்ஸையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கம்பி எண்ணப் போறேன்னு தெரிஞ்சும் தண்ணி குடுத்தீங்களேம்மா."

"தம்பி, உன் பில் இந்தச் சீட்டோட மோதும்னு எனக்குத் தோணவே இல்ல. காலையில அதிகாரி எண்ணும்போதுதான் உறைச்சுது. அதுக்கப்புறம் வாய் வரல." நர்ஸ் வாசல் பக்கம் கை காட்டினார். "கேக்குதா? ஊசி போட்டும் அறுபத்தொரு பேர் செத்தாங்கன்னு இன்னைக்கு மைக்குல வாசிச்சா, மிச்ச சனம் கையை நீட்டுமா? பயந்து பயந்து சாகுமே! உசுரைக் காப்பாத்தத்தான் ஒளிச்சேன்."

வண்டியக்கா சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். அதையும் அவள் விரல் வைத்து ஒரு நாள் படித்திருந்தாள். ஊசி போட்டவர் முப்பதாயிரம். போடாதவர் பத்தாயிரம்.

"அம்மா, உங்க அளவுக்கு எனக்குப் படிப்பில்ல. ஆனா பிணத்தை எண்ணத் தெரியும். போட்டவங்க முப்பதாயிரம் பேர்ல செத்தது அறுபத்தொண்ணு. ஆயிரத்துக்கு ரெண்டு. போடாத பத்தாயிரத்துல, உங்க பதினாலு நாள் கணக்குப்படி இந்த நாலையும் சேத்து, இருநூத்தி அம்பத்தொண்ணு. ஆயிரத்துக்கு இருபத்தஞ்சு. வயசானவங்கதான் நிறையப் போட்டாங்க, அப்படியும் இதுதான் கணக்கு. உங்க ஊசி எவ்வளவு வேலை செஞ்சிருக்குன்னு காட்டறதே இந்த அறுபத்தொண்ணுதான். அதைப் போய் ஐஸுக்கு அடியில வச்சீங்களே!"

நர்ஸ் பலகையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அந்தப் பலகையை எழுதியதே அவர்தான்.

கதவருகே நின்ற நோட்டீஸ் மெதுவாகக் கேட்டான்: "ஆயிரத்துக்கு இருபத்தஞ்சா?"

"ஆமா."

"நான் போடலக்கா. என் பொண்டாட்டியையும் போட விடல." அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வாசலில் நின்று முன்னூற்றுப் பன்னிரண்டு என்று வாசித்தார். ஊசி போட்டவர் எத்தனை, போடாதவர் எத்தனை என்றும் பிரித்து வாசித்தார். வாசிக்காவிட்டால் தானே வாசிப்பதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். மூவாயிரம் என்று கத்தியவர்களும் ஊசி கொன்றது என்று கத்தியவர்களும் மறுபடி பழையபடியே கத்தத் தொடங்கினார்கள். அதற்குள் நர்ஸை ஜீப்பில் ஏற்றியாயிற்று. அதுவரை ஊசி முகாம் சாவியை யாரிடம் கொடுப்பது என்றே அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள். நகராட்சிப் பணப்பட்டுவாடா ஜன்னல். காசாளர் சீட்டுகளை அடுக்கிவைத்து, ரசீதைத் தள்ளினார்.

குழிவெட்டி பேனாவை எடுத்தவன் தயங்கினான்.

"முன்னூத்திப் பதினொண்ணுக்குப் போட்டுக் குடுங்க சார்."

"ஏன்?"

"இருநூத்தி ஏழுக்கு வேணாம். அந்தம்மாவோட வீட்டுக்காரர் குழிக்கு நான் எப்படிக் கூலி வாங்குவேன்? வீடே அழிஞ்சு போச்சு அவங்களுக்கு."

வண்டியக்கா அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஒழுங்கா வாங்குடா. நீ ஒண்ணைத் தள்ளினா இந்த ரசீதுல ஒரு ஆள் குறைவாரு. நாளைக்கு எவனாவது இதை எடுத்துப் பாத்தா, முன்னூத்திப் பதினொண்ணுன்னுதான் படிப்பான். அந்த மனுஷன் மறுபடியும் சாகாதவரா ஆயிடுவாரு. அதுக்கா இவ்வளவும்?"

"மனசு கேக்கலக்கா."

"எனக்கும்தான் கேக்கல. கையெழுத்தைப் போடு."

அவன் போட்டான். காசாளர் இரண்டு முறை எண்ணி, கட்டாகக் கொடுத்தார். ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து எண்ணூறு. வண்டியக்கா பணத்தை அவனிடம் விட்டுவிட்டு, ரசீதை வாங்கி, விரல் வைத்து ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.