மன்னி போட்ட கையெழுத்து

"கோமளா! இங்கே வா!"

காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்த கோமளா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பதினேழு வருஷத்தில் சுந்தரராஜன் அவளை அப்படி அதட்டிக் கூப்பிட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் கல்லூரியிலிருந்து வந்த பழுப்பு உறை கிழிந்து கிடந்தது. அவர் கையில் உஷாவின் பாட அட்டவணை.

"கெமிஸ்ட்ரி எங்கே? பயாலஜி எங்கே? சைக்காலஜி, ஹிஸ்டரி, சோஷியாலஜி... டாக்டருக்குப் படிக்கப் போற பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்?"

கோமளா டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"கூடவே ஒரு சம்மதக் கடிதாசு. பாடத்தை மாத்த வீட்டுப் பெரியவா கையெழுத்து. அது யாரோடது?"

"என்னோடதுதான்."

ஜன்னலோரம் வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த பத்மா எழுந்து வந்தாள். சுந்தரராஜனின் அக்கா. கணவர் போனபின் போன வருஷம்தான் திருச்சியிலிருந்து வந்து, மான்ட்ரியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டில் தம்பியோடு இருக்கிறாள்.

"ஏண்டி கோமளா... அம்மா செத்த அன்னிக்கு இவன் என்ன சொன்னான்னு நோக்குத் தெரியாதா? பக்கத்துலதானே நின்னுண்டிருந்தே!"

தெரியாமலா? 1957. கல்யாணமாகி இரண்டே மாதம். மாமியாருக்கு நாற்பத்து மூன்று வயதில், யாரும் எதிர்பாராமல் ஒரு பிரசவம். டாக்டர் வண்டி பிடித்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. இரத்தமும் துணியுமாய்க் கிடந்த குழந்தையைப் பார்த்து சுந்தரராஜன் கதறினார்: "இவளை டாக்டராக்கறேம்மா! உன்னை மாதிரி இன்னொருத்தி சாகாம இருக்க..." அந்தக் குழந்தையை, உஷாவை, வாரி எடுத்தது பதினெட்டு வயதுக் கோமளா. அந்த வாரம்தான் அவளுக்குக் கணக்கு பி.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அதற்கு அவள் பதிலே போடவில்லை. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

அப்புறம் அவளுக்கென்று குழந்தை பிறக்கவில்லை. உஷாவுக்கு ஒன்பது வயதாகும்போது மான்ட்ரியலுக்கு வந்தார்கள். இங்கே பள்ளி பதினொன்றாம் வகுப்போடு சரி. பிறகு யூனிவர்சிட்டிக்குப் போவதற்கு முன் இரண்டு வருஷம் சேஜெப் கல்லூரி. அங்கே என்ன பாடம் எடுக்கிறோமோ, அதுதான் மேலே எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அந்தக் கதவைத்தான் கோமளா சாத்திவிட்டாள் என்று அவர் கையிலிருந்த காகிதம் சொன்னது.

"ஏன் பண்ணினே? ஒரு காரணம் சொல்லு, கேட்டுக்கறேன்!"

'மன்னி, அண்ணாகிட்ட நானே சொல்றேன்... நீ சொல்லக் கூடாது, என் மேல சத்தியம்' என்று உஷா கோமளாவின் உள்ளங்கையில் அடித்து வாங்கிய சத்தியம் குறுக்கே நின்றது. உஷா புது மாணவர்களுக்கான அறிமுக நாளென்று காலை எட்டு மணிக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

"சாயங்காலம் அவ வந்ததும்..."

"அவ என்ன சொல்லுவா? நீ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுவா!" அவர் குரல் உடைந்தது. "உன் படிப்பு நின்னுபோச்சு. ஒத்துக்கறேன். அதுக்காக... நோக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கப்படாதுன்னா நெனைச்சே?"

பத்மாவே திகைத்துப்போனாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பெத்திருந்தா இப்படிப் பண்ண மனசு வந்திருக்குமா..."

காபி ஆறி ஏடு படிந்திருந்தது. கோமளா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை. குழாயைத் திறந்துவிட்டு டம்ளரைத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கெளம்பு. நீ போட்ட கையெழுத்தை நீயே வந்து அடி" என்றார் சுந்தரராஜன் வாசலிலிருந்து. அன்றைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் வெயில் கண்ணாடி வழியாக அவள் மடியில் விழுந்தது. ரெண்டு வாரம் முன்னால் இதே பஸ்ஸில் உஷா அவள் தோளில் சாய்ந்துகொண்டு போனாள். பிளேஸ்மென்ட் டெஸ்ட் நாள் அது. யாரை எந்த நிலை இங்கிலீஷிலும் கணக்கிலும் உட்கார வைப்பதென்று பார்க்கும் பரீட்சை. "பயமா இருக்கு மன்னி, நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அன்றைக்குத்தான் எல்லாம் நடந்தது.

கல்லூரி ஒரு பழைய கான்வென்ட் கட்டடம். வராந்தா முழுக்க நீள முடியும் ஜீன்ஸுமாய்ப் பிள்ளைகள், காகிதக் கட்டுகள், அம்புக்குறிகள். மிஸ் ஹோர்வாத் என்ற ஆலோசகர் அம்மாள் கோமளாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். ஹங்கேரியிலிருந்து வந்தவள், அவள் பேசிய இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லும் ஊன்றி ஊன்றி விழுந்தது.

சுந்தரராஜன் அட்டவணையை மேஜையில் வைத்தார். "என் தங்கையின் பாடங்களை மாற்ற வேண்டும். என் மனைவி எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாள்."

அந்த அம்மாள் கோமளாவைப் பார்த்தாள். கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். "மாணவி சொன்னதை நான் சொல்லக் கூடாது, மிஸ்டர் சுந்தரராஜன். அவளே சொல்லட்டும்" என்று எழுந்து போய், கூட்டத்திலிருந்து உஷாவை அழைத்து வந்தாள்.

அண்ணாவைக் கண்டதும் உஷாவின் முகம் வெளுத்தது. பிறகு மன்னியைப் பார்த்தாள். அந்த முகத்தைப் படிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மன்னியைத் திட்டினேளா?"

"உஷா, நீ சும்மா இரு..." என்றாள் கோமளா.

"இல்ல மன்னி! போதும்!" அவள் அண்ணாவின் பக்கம் திரும்பினாள். "நான்தான் மாத்தினேன். மன்னி இல்ல. சம்மர்ல ஆஸ்பத்திரில வாலன்டியரா போனேனே... அங்க ஆறு வயசுப் பையன் ஒருத்தன். தினமும் அவனுக்குக் கதை படிச்சேன். ஒருநாள் படிச்சிண்டிருக்கும்போதே என் கையைப் பிடிச்சிண்டே போயிட்டான் அண்ணா... அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே நேக்குக் கை காலெல்லாம் நடுங்கறது. வாந்தி வரது. என்னால முடியாது. குழந்தேளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறேன், அது முடியும். டாக்டர் மட்டும்..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? அம்மாவைக் கொன்னுட்டுப் பொறந்தவ நான். அந்தக் கடனைத் தீர்க்கத்தானே நான் டாக்டராகணும்? சின்ன வயசிலேர்ந்து அதைத்தானே கேட்டிண்டிருக்கேன்!"

சுந்தரராஜன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பாரத்தை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றியதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆசையை மட்டும்தான் சொல்லி வளர்த்ததாக நினைத்திருந்தார்.

"மன்னி இங்க எவ்வளவு நேரம் சண்டை போட்டா தெரியுமா? கெமிஸ்ட்ரியையாவது வெச்சுக்கோ, ஒரு செமஸ்டர் பாரு, அண்ணா மனசு ஒடைஞ்சுடும்னு கெஞ்சினா. நான் இந்தத் தரையில ஒக்காந்து அழுதேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டா. நான்தான் வாயைத் திறக்கப்படாதுன்னு சத்தியம் வாங்கினேன்... தைரியம் வரட்டும், சொல்றேன்னு நாளைக் கடத்தினேன். மன்னிச்சுடு மன்னி!"

கோமளா எழுந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. "நீ யாரையும் கொல்லலடி... யார் சொன்னா அப்படி? உன்னைத் தூக்கிண்ட அன்னிக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு நோக்குத் தெரியுமா?"

மிஸ் ஹோர்வாத் மெல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"மிஸஸ் சுந்தரராஜன், நான் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதிலே போடவில்லையே. இந்த வருஷம் பெரியவர்களையும் பகல் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம். உங்கள் கணக்குத் தாளை எங்கள் ஆசிரியர் இரண்டு தடவை திருத்தினார். முதல் தடவை நம்பவில்லை."

"என்ன தாள்?" என்றார் சுந்தரராஜன்.

கோமளாவுக்கு முகம் சிவந்துவிட்டது, திருடிப் பிடிபட்டவள் மாதிரி. "உஷா எழுதற வரைக்கும் சும்மா ஒக்காந்திருந்தேன். ஒரு வினாத்தாள் மிச்சமிருந்தது. எழுதறேளான்னு இவா கேட்டா... வேண்டாம்னுதான் சொல்ல நெனைச்சேன்... பென்சிலை எடுத்தப்புறம் வைக்க முடியல."

"கடிதம் வந்ததா?"

"வந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால வெச்சிருக்கேன்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பதினேழு வருஷத்துக்கு முன் படித்த பெண், ஒரு வரி அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். காலையில் தான் சொன்ன வார்த்தை அவருக்கு நினைவு வந்தது. அவர் வராந்தாவுக்கு வந்தார். கோமளா பின்னாலேயே வந்தாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடினார்கள்.

"கோமளா... நான் பேசினது மனுஷன் பேசற பேச்சில்ல. உன் கால்ல விழுந்தாலும் தீராது. மறந்துடும்மா."

எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்கு அவள் 'பரவாயில்லை' என்று சொல்லியிருக்கிறாள். இப்போதும் அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

"மறக்க முடியுமான்னு தெரியல. பொய் சொல்ல மாட்டேன். உஷாவை வளர்த்ததுக்கு நான் ஒருநாளும் வருத்தப்படல. ஆனா படிக்கணும்னு ஆசை இருந்தது. அவ ஹோம்வொர்க் பண்ணித் தூங்கினப்புறம் அந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டுப் பார்ப்பேன். நீங்கோ ஒருநாள் கேட்பேள், கேட்பேள்னு இருந்தேன்..."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது; துடைத்துக்கொள்ளவில்லை. "இப்போ கேக்கறேன். படிக்கறயா?"

அவள் தலையாட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றார். அவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

பதிவு நடந்தது பெரிய ஜிம்னாசியத்தில். நீள வரிசை. "நானும் நிக்கறேனே" என்றார் சுந்தரராஜன்.

"வேண்டாம். அக்கா காலையிலேர்ந்து தனியா தவிச்சிண்டிருப்பா, நீங்கோ ஆத்துக்குப் போங்கோ. உஷா விஷயத்தை நீங்களே பொறுமையா சொல்லிடுங்கோ. சாதத்தை வெச்சுடச் சொல்லுங்கோ. நேக்கு நேரமாகும்."

அவர் போனார். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நீலப் பட்டுக்கரைப் புடவையில், பதினேழு வயதுப் பிள்ளைகள் நடுவில், நெற்றிக் குங்குமம் கலைந்து அவள் நின்றுகொண்டிருந்தாள். உஷா அவள் முழங்கையைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்தது. மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் அட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு, என்ன பாடம் என்று கேட்டாள்.

"கணக்கு" என்றாள் கோமளா.

"பார்டன்?"

தான் தமிழில் சொல்லிவிட்டது அப்போதுதான் உறைத்தது. உஷா சிரித்துவிட்டாள். கோமளாவும் அழுகையோடு சிரித்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி நிதானமாக, சத்தமாகச் சொன்னாள்:

"மேத்தமேட்டிக்ஸ்."