கை மாற்றும் நேரம்

இரண்டு ஐம்பதுக்கே வளர்மதியின் தோளில் கை விழுந்தது. கவிதா ஒருநாளும் முன்னதாக வந்தவள் இல்லை.

அரியலூர் சாலையோரத்து அந்த ஜெபக்கூடத்தில் நான்கு வருடமாக, இரவு பகல் எந்நேரமும், ஜெபம் நின்றதில்லை. அடுத்த முறைக்காரர் பின்னால் மண்டியிட்டு, தோளில் கை வைத்து, கூடவே சத்தம் சேர்ப்பார். அந்தக் கை எடுபட்ட பிறகுதான் முன்னால் இருப்பவர் எழலாம். அதுவரை நிறுத்தக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது.

வளர்மதிக்கு இன்று அந்தச் சட்டமெல்லாம் எரிச்சலாக இருந்தது. சிமெண்டு லாரி ஓட்டும் அவள் புருஷன் இளையபெருமாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாலு மணிக்கு ஆபரேஷன். ஒரு மணிக்கு அவள் பாயில் மண்டியிடும் முன் கொழுந்தன் அரவிந்தன் போன் செய்திருந்தான்.

“அண்ணி, அண்ணன் உங்களத்தான் கேக்குறாரு. எப்ப வரீங்க?”

“மூணு மணிக்குக் கவிதா வந்துடுவா. கை மாத்திட்டு அடுத்த பஸ்ல வரேன்.”

பக்கத்திலிருந்து இளையபெருமாளின் குரல் கேட்டது. “அவ எங்கடா வரப்போறா. பாயோட சேத்து ஆணி அடிச்சுல்ல வச்சிருக்காங்க.”

இந்த வாசலை அவன் மிதித்ததே இல்லை. ஒருநாளாவது அவரை இங்கே கொண்டுவாரும் ஆண்டவரே என்று நான்கு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதும் அதைத்தான் கேட்டாள்.

லாரிகள் போகும்போதெல்லாம் தகரக் கூரை அதிர்ந்தது, மின்விசிறி வெயிலையும் சிமெண்டுத் தூசியையும் சேர்த்தே இறக்கியது, அதற்கு நடுவே எங்கிருந்தோ ஸ்பிரிட் வாடை ஒன்று மெல்ல வந்து அவள் கழுத்தருகே தங்கியது. பின்னாலிருந்து முணுமுணுப்பு கேட்டது. அவள் சொன்ன வார்த்தையையே ஒரு வார்த்தை பிந்திச் சொன்னது. கை மட்டும் எடுபடவில்லை.

பாயில் கிடந்த போன் மினுங்கியது. அரவிந்தன். நின்றது. மறுபடியும் அரவிந்தன். எடுத்தால் ஜெபம் அறும்.

“ஆண்டவரே, கவிதாவுக்குப் புத்தியைக் கொடும். கைய எடுக்கச் சொல்லும்.”

“எடுக்கச் சொல்லும்,” என்றது பின்னால். கரகரத்த குரல். பெண் குரல் இல்லை.

ஐந்தாவது முறை. அரவிந்தன்.

வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. “மன்னிச்சுக்குங்கக்கா, திருமானூர்லயே பஸ்ஸு நின்னு...”

கவிதா முடிக்கவில்லை. அவள் குடை கீழே விழுந்தது. அவள் வளர்மதியைப் பார்க்கவில்லை. வளர்மதிக்குப் பின்னால் பார்த்தாள்.

வளர்மதி கண்ணை மட்டும் தாழ்த்தினாள். தோளில் ஆண் கை. நகக்கண்ணில் சிமெண்டு. புறங்கையில் பிளாஸ்திரி. அதற்குள் ஊசி, அப்படியே.

போன் நின்றுபோனது.

“கொண்டுவாரும்,” என்றது குரல், காதோரம். இந்தத் தடவை அவள் இன்னும் அதைச் சொல்லவே இல்லை.

எழப் பார்த்தாள்.

மறு தோளிலும் ஒரு கை வந்து அமர்ந்தது. அழுத்தியது. முழங்கால்கள் பாயோடு பதிந்தன.