பின்பக்கத்துக் குருவி

விடிந்தும் விடியாத நேரத்தில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால், ஈரத்துணியும் கையுமாகப் பிடிபட்டாள் மூத்த மருமகள்.

"என்னடி பண்றே?"

மாமியாரின் குரலில் தூக்கம் துளியும் இல்லை. மேசைமேல் டாக்டர் வீட்டார் ஆர்டர் கொடுத்த கல்யாண அழைப்பு அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. முந்தின நாள் பகல் முழுக்க உட்கார்ந்து இளைய மருமகள் ஸ்டாம்ப் குத்தியவை. வழவழத் தாளில் பொன்நிறக் கொடி, கொடிக்குள் பெண் மாப்பிள்ளை பெயர். அதில் ஒன்றை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையிலிருந்த துணியால் அந்தப் பெயர்களை அழித்துக்கொண்டிருந்தாள் மூத்தவள். விரலெல்லாம் பொன் மை. போதாக்குறைக்குப் பக்கத்து ஸ்டூலில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே இஸ்திரிப் பெட்டி மல்லாந்து தகித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கோலத்தில் நின்றால் பெற்ற தாயே நம்ப மாட்டாள். மாமியாரா நம்பப் போகிறாள்?

"அழிக்கிறியா? அந்தப் பொண்ணு முதுகு ஒடியச் செஞ்சதை அழிச்சுட்டு, எரிக்கவும் பாத்தியா?"

"அத்தை... நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்க..."

"என்னத்தைக் கேக்கறது? அவ இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பாத்துட்டுத்தானே இருக்கேன். அவ கார்டை யாராவது நல்லா இருக்குன்னு சொல்லிட்டா உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

சத்தம் கேட்டு இளையவள் கூந்தலை முடிந்தபடியே ஓடி வந்தாள். மேல் அட்டையை எடுத்தாள். கொடி கலங்கி, பெயர் தேய்ந்து, சகதியாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தாள்.

"அக்கா... நீங்களா?"

மாமியார் கத்தியது காதோடு போயிற்று. இந்த ஒரு சொல்தான் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. மூத்தவள் நாலு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அந்த நாலு வார்த்தைதான் வாயில் வரவில்லை.

அந்த மேசையை அட்டை மேசை ஆக்கியவளே அவள்தான். கல்யாணமாகி வந்த மறு வருஷம் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். ஒரு கையும் காலும் போய்விட்டன. தையல் ஆசிரியைப் படிப்பில் சேர்ந்திருந்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டு, அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டுக் கிடந்தாள். கட்டில் பக்கத்தை விட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை எதுவென்று தேடித்தான் இந்த அட்டை வேலைக்கு வந்தாள். ரிப்பன் முடிச்சுப் போடும்போது நடுவில் அமுக்கிப் பிடிக்க இன்னொரு விரல் வேண்டும். மாமனார் தம் நல்ல கையை நீட்டி ஒரு விரலை வைப்பார். முடிச்சு விழுந்ததும் விரலை உருவிக்கொண்டு கோணல் வாயால் சிரிப்பார். கடைசி நாள் வரைக்கும் அது அவர் வேலையாகவே இருந்தது.

பென்சில் அழிக்கும் ரப்பரில் பிளேடால் செதுக்கி, கட்டைவிரல் நுனி அளவில் கணவன் ஒரு குருவி ஸ்டாம்ப் செய்து கொடுத்தான். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் மூலையில் அந்தக் குருவி உட்காரும். கடைவீதியில் அதற்குக் குருவி அட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது.

அப்புறம் இளையவள் வந்தாள், கொழுந்தனின் மனைவியாக. ஸ்டாம்பை அமுக்கவும் கூடாது, ஆட்டவும் கூடாது, வைத்து எடுக்க வேண்டும் என்று மூத்தவளே கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். கற்றுக்கொண்ட கை தன்னைத் தாண்டிப் போனபோதுதான் வயிறு எரிந்தது. தாளின் மேல் தாளை ஒட்டி, ஓரத்தைச் சுருட்டி, திறந்தால் பூ எழுந்து நிற்கிற மாதிரி செய்தாள் சின்னவள். அவள் போட்ட ரிப்பன் முடிச்சு ரெக்கை விரித்து நின்றது. மூத்தவளுடையது மழையில் நனைந்ததுபோல் தொங்கும். அது இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அவள் கண்ணிலேயே பட ஆரம்பித்தது.

மாமியார் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். வந்தவர் போனவரிடமெல்லாம் "சின்னவ கைவேலை" என்றாள். டாக்டர் சம்சாரம் வீட்டுக்கே வந்து மாதிரி பார்த்தபோது, மூத்தவளின் அட்டைகள் டப்பாவை விட்டு வெளியே வரவே இல்லை. "பெரியவளே, நீ ரிப்பன் மட்டும் கட்டு, போதும். பின்னாடி அந்தக் குருவியும் இனிமே வேண்டாம். பழசாத் தெரியுது" என்று தீர்ப்பு வந்தது. கணவனிடம் சொன்னாள். "போனா போகுது, விடு" என்றான். ஆம்பிளைகளுக்கு அது ஒரு வசதி.

நேற்றுப் பகல் அவள் ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே சின்னவள் பொன் மை ஸ்டாம்ப் பேடைத் திறந்தாள். சாதா அட்டையில் அந்த மை ஊறிக் காய்ந்துவிடும். வழவழத் தாளில் ஊறாது. மேலேயே நிற்கும், வாரக் கணக்கானாலும் காயாது. ஈரத்தோடு ஈரமாக அதன்மேல் அதற்கென்றே விற்கிற பிசின் தூளைத் தூவி, சூடு காட்டி உருக்கினால்தான் பிடிக்கும். சின்னவள் இதுவரை வழவழத் தாளைத் தொட்டதில்லை, அதனால் தெரியவில்லை. மூத்தவளுக்குத் தெரியும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

'கேட்டா சொல்லலாம்' என்று நினைத்தாள். சின்னவள் கேட்கவில்லை. மூத்தவள் எழுந்து, காய்ந்த துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

சாயங்காலம் மாமியார் சாப்பாடு வைக்க இடம் வேண்டும் என்று, பரப்பிக் கிடந்த அட்டைகளை வாரி எடுத்து, தட்டித் தட்டிச் சீராக அடுக்கினாள். மூத்தவள் அதையும் பார்த்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. படுத்த பிறகு, அவளை எரித்துக்கொண்டிருந்த பொறாமையே திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. கணவன் அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனதும் எழுந்து வந்து, ஈரத்துணியைக் கையில் எடுத்தாள்.

இதையெல்லாம் இப்போது எந்த வாயால் சொல்வது? அழிக்கவில்லை, சரிசெய்கிறேன் என்றால், உனக்கு இது எப்போது தெரியும் என்பதுதானே அடுத்த கேள்வி?

"எனக்குப் பொறாமை இருந்தது நிஜம் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

"ஒத்துக்கிட்டியே, அந்த மட்டும் சந்தோஷம். போ, உங்க அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இரு. இந்த ஆர்டர் முடியற வரைக்கும் இந்த மேசைப் பக்கம் வராதே."

மூத்தவள் அழவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து குருவியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது யாராவது கூப்பிடுவார்கள் என்று காது உள்ளே போய்விட்டு வந்தது. யாரும் கூப்பிடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு பனியில் நனைந்திருந்தது. நின்றுகொண்டே இருந்தாள். இனி அந்த மேசை முழுக்கச் சின்னவளுடையது, ஜன்னல் பக்கத்து வெளிச்சமும் அவளுடையது என்று அப்போதும் மனசு கணக்குப் போட்டது. வீட்டை விட்டு வந்த பிறகும் இது நம்மை விடவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தெருக்கோடியில் ஒருத்தி ஓடி வந்தாள். சின்னவள்தான். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் மாமியார் செருப்பு. கையில் ஓர் அட்டை.

"அக்கா... இது..." மூச்சு வாங்கியது. "ஜன்னலைத் திறந்தேன். கட்டை மேல மூணு கார்டு இருந்துச்சு. தொட்டா மேடா இருக்கு, நகத்தால சொரண்டினாலும் வரல. இதை நான் செய்யல."

மூத்தவள் பார்க்காமலே சொன்னாள். "ஆற வச்சிருந்தேன். தூள் போட்டு, இஸ்திரிப் பெட்டி மேல காட்டினது."

"அப்ப நீங்க துடைச்சது..."

"அந்த மை காயல. காயாததாலதான் துடைக்க முடியுது. துடைச்சுட்டா தாள் புதுசாயிடும், மறுபடி குத்திக்கலாம்."

"ஏங்க்கா சொல்லல? அத்தை அவ்வளவு பேசினாங்களே... நான்கூட உங்களைப் போய்..."

"நேத்தே சொல்லியிருக்கணும்." மூத்தவள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "நீ அந்தப் பேடைத் திறந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுந்து போயிட்டேன். கெட்டுப் போகட்டும்னுதான் போனேன். நீ என்னைத் திட்டிட்டு வீட்டுக்குப் போ."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இருவரையும் பார்த்தார். இருவரும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"அந்தக் குருவி வேண்டாம்னு அத்தை சொன்னாங்கல்ல?" என்றாள் சின்னவள், தரையைப் பார்த்தபடி. "அவங்களா சொல்லல. நான்தான் சொல்ல வச்சேன். நான் என்னதான் செஞ்சாலும் எல்லாரும் திருப்பிப் பாத்துட்டு, 'ஓ, குருவி கார்டா'ன்னு உங்களைத்தான் கேக்கறாங்க. எனக்குத் தாங்கல அக்கா..."

முகத்தை மூடிக்கொண்டு அவள் விம்மினாள். மூத்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையை விலக்கிக் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த இடத்தில் பொன்நிறம் ஒட்டிக்கொண்டது. அக்காவின் பொன் விரல்களைப் பார்த்ததும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது சின்னவளுக்கு.

"வா, வீட்டுக்குப் போய்க் கழுவிக்கலாம். கால்ல என்னடி இது, ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னது?"

மாமியார் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அட்டைகள் எல்லாம் பின்பக்கம் தெரியத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும், கீழே இருந்த அட்டையின் கொடி இடம் வலமாக மாறிப் பதிந்திருந்தது. அதற்கு விளக்கம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

"நான்தான் அடுக்கினேன்" என்றாள். "சோத்துத் தட்டு வைக்கறதுக்காக, தட்டித் தட்டி அடுக்கினேன். நானே கெடுத்துட்டு உன்னை வெளியே போன்னு சொல்லியிருக்கேன். உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டுப் போனியா?"

மூத்தவள் தான் மறைத்ததையும் சொன்னாள். சின்னவள் தன்னுடையதைச் சொன்னாள். இரண்டையும் கேட்டுக்கொண்ட மாமியார் ஓர் அட்டையை எடுத்துத் திருப்பி வைத்தாள். திட்டுவாள் என்று இருவரும் எதிர்பார்த்து நின்றார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும்தான் வயித்தெரிச்சலா?" என்றாள் மாமியார். "உங்க மாமாவுக்கு முடியாம போனதுக்கப்புறம் என்கிட்ட ஒருநாள்கூட கை நீட்டினதில்லை. நான் கஞ்சி கொண்டு போனா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. நீ ரிப்பனை எடுத்தா மட்டும் விரலை நீட்டிட்டு, குழந்தை மாதிரி சிரிப்பாரு. நான் கதவுக்கிட்ட நின்னு பாப்பேன். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ நான்... எனக்கு எரியாம இருந்திருக்குமா? சின்னவ வந்ததும், உன்னைக் கொஞ்சம் இறக்கி வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. அதான் நடந்துச்சு."

மூத்தவள் அப்படியே மண்டியிட்டு மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்தாள். இத்தனை வருஷமும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். "நீங்க வந்து பக்கத்துல உக்காந்திருக்கலாமே அத்தை... நான் உங்களைக் கூப்பிட்டிருக்கணும். எனக்குத் தோணவே இல்லையே..."

"எனக்கு மட்டும் தோணுச்சா?" மாமியாரின் கை அவள் தலையில் வந்து விழுந்தது.

அன்று அடுப்பில் ஏதோ ஒப்புக்கு வெந்தது. மேசையில் சாப்பாட்டுக்கு இடம் இல்லை, எல்லாரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மூத்தவள் துடைத்தாள், பின்பக்கத்தையும் சேர்த்து. சின்னவள் குத்தினாள். தூளைத் தூவி இஸ்திரிப் பெட்டிக்கு மேல் காட்ட, மங்கிக் கிடந்த கொடி சட்டென்று உருகி மினுமினுத்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த கணவன், வீட்டில் மூன்று பெண்களும் மூக்கு சிவந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டான். சில சமயம் அவனுக்கும் புத்தி வரும்.

ரிப்பன் கட்டும் வேளை வந்தது. மூத்தவள் முடிச்சின் முதல் சுற்றைப் போட்டாள். எதிரேயிருந்து ஒரு விரல் தயங்கித் தயங்கி நீண்டு, அதன் நடுவில் அமுங்கியது. சுருக்கம் விழுந்த, சமையல் தழும்பு நிறைந்த விரல். முடிச்சு விழுந்தது. விரல் உருவிக்கொண்டது.

"அந்தக் குருவி எங்கே?" என்றாள் மாமியார். "கொண்டா இங்கே."

பையிலிருந்து குருவி வந்தது. அதுவரை ஒரு ஸ்டாம்பைக்கூட எடுத்துக் குத்தியறியாத மாமியார், அதைப் பொன் மையில் நன்றாகத் தேய்த்து, ஓர் அட்டையின் பின்பக்கத்தில் வைத்து, வெற்றிலை இடிப்பதுபோல ஒரே அமுக்காக அமுக்கினாள். எடுத்துப் பார்த்தால் குருவி தலைகீழாக விழுந்திருந்தது. மை அதிகமாகி ஒரு ரெக்கை வேறு வீங்கியிருந்தது.

"அய்யய்யோ, கெட்டுப் போச்சா?"

"பரவால்ல அத்தை, காயலதானே" என்று சின்னவள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மூத்தவள் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள். அட்டையைத் தன் பக்கம் இழுத்து, தலைகீழாகக் கிடந்த குருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதைத் துடைக்க வேண்டாம்" என்றாள். "தூள் போடு."