தடுக்கப்பட்டவர் பட்டியல்

சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. டிக் டிக் சத்தத்தை மட்டும் காணோம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் உற்றுக் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை சோவென்று கொட்டுவதும், மேஜைக்கடியில் கணினியின் விசிறி உறுமுவதும், சமையலறையில் பிரிட்ஜ் நடுங்கி நடுங்கி ஓய்வதும் நன்றாகவே கேட்டன. தலைக்கு நேர் மேலே இருக்கிற கடிகாரம்தான் வாய் திறக்கவில்லை. தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது கடிகாரத்துக்கு யார் அழுவது? மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவள் செய்வது டைப்பிங் வேலை. டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புகிற நோயாளிக் குறிப்புகளை வீட்டிலிருந்தே கேட்டு அடித்து அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திக்கொள்வார். கட்டிய கணவன்கூட அவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை. கை விசைப்பலகையை விட்டு எழும்பாது, கண் அடிக்கிற வரியை விட்டு நகராது. நடுவில் திரையில் எந்தப் பெட்டி குதித்தாலும் படிக்கிற வழக்கமே கிடையாது; சுண்டுவிரலால் என்டரைத் தட்டுவாள், அது தொலைந்துபோகும். பத்து வருஷப் பழக்கம்.

போன மாதம் அந்தப் பழக்கத்துக்கே சோதனை வந்தது. தொப்பை கரைய மாத்திரை, வழுக்கையில் முடி, கேட்காத லாட்டரியில் விழுந்த பரிசு என்று விளம்பரப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உயிரை வாங்கின. மின்னஞ்சலைத் திறந்தால் ஒரு நாளைக்கு முந்நூறு குப்பை. அந்தக் குப்பைக்குள் ஒரு அவசரக் குறிப்பு புதைந்துபோய், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்மா" என்று மருத்துவமனையிலிருந்து சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே ஒரு தடுப்பானைத் தேடிப் பிடித்துக் கணினியில் போட்டாள். விளம்பரத்தைத் தடுக்கிற சாமானையும் ஒரு விளம்பரத்தில்தான் பார்த்தாள் என்பது வேறு விஷயம்.

நன்றாகத்தான் வேலை செய்தது. குப்பை நின்றது. எப்போதாவது திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து பணிவாக எதையோ கேட்கும். சுண்டுவிரல் என்டரைத் தட்டும். போய்விடும்.

வீடே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. குழாய் சொட்டுவது நின்றுபோனது. நாளைக்கு நாலு தடவை சர்க்கரை கேட்டு வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற பக்கத்து வீட்டு அக்கா ஐந்து நாளாக எட்டிப்பார்க்கவில்லை. காலிங் பெல் அடிக்கவே இல்லை. அப்பாடா, என்று இருந்தது அவளுக்கு.

இன்று மூன்றரை மணிவாக்கில் ஒரு பெட்டி வந்தது. டாக்டர் ஏதோ வாயில் நுழையாத மருந்தின் பெயரை மென்று துப்பிக்கொண்டிருந்தார். என்டர்.

பதிவு முடிந்து நிமிர்ந்தபோது மணி நாலே கால்.

வாண்டு எங்கே?

அவளுடைய ஏழு வயது மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளி வேன் மூன்றரைக்குத் தெருமுனையில் இறக்கிவிடும். கதவைத் திறக்கும்போதே "அம்மா" என்று ஆரம்பித்தால் தூங்கும்வரை அந்த வாய் மூடாது. நாலே காலாகியும் வீட்டில் ஒரு சத்தமில்லை. குடையைத் தேடி எழுந்தபோது கைபேசி அடித்தது. கணவன், பஸ் பணிமனையிலிருந்து.

"ஏங்க, வாண்டு இன்னும் வரல, நான் தெருமுனைக்குப் போய்…"

"என்ன உளர்ற? ஹால் போன்லேர்ந்து அவதான் எனக்கு அடிச்சா. கிட்ட நின்னு கத்துறாளாம், நீ திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கிறியாம். அழுவுறா. அப்படி என்னடி கோவம் குழந்தை மேல?"

"எங்கங்க இருக்கா? யாருமே இல்லையே!"

"விளையாடாத. நனைஞ்சுட்டு வந்திருக்கா, மூச்சு இழுக்குது அவளுக்கு. போன்லயே விசில் மாதிரி கேக்குது. முதல்ல இன்ஹேலரை எடுத்துக் குடு."

ஹாலுக்கு ஓடினாள். தொலைபேசியின் ரிசீவர் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து ஈரக் கால்தடங்கள், சின்னச் சின்னதாக, ஐந்து விரலும் தெளிவாக. தொலைபேசிக்கு வருமுன் அவை அவளுடைய அறைக்குப் போயிருந்தன. திரும்பி அறைக்குள் பார்த்தாள். அவள் உட்காரும் நாற்காலியை ஒட்டித் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றிருக்கிறாள் குழந்தை.

"வாண்டு! கண்ணு! அம்மாகிட்ட வாடி!"

திரையின் மூலையில் அந்தச் சாம்பல் நிறத் தடுப்பான் சிமிட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் திறந்து படித்தாள்.

தடுக்கப்பட்டவை: மாத்திரை விளம்பரம். லாட்டரி. முடி எண்ணெய். அப்புறம் குழாய்ச் சொட்டு. பக்கத்து வீட்டு அக்கா. காலிங் பெல். சுவர்க்கடிகாரம். கடைசி வரியில் மூன்று முப்பத்திரண்டு என்று நேரம் போட்டு, மகள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'உங்கள் சம்மதத்துடன்'.

நீக்கு என்கிற பொத்தான் மங்கிக் கிடந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தது: 'தடுக்கப்பட்டவர் தாமே உங்களிடம் கேட்டுக்கொண்டால் மட்டுமே தடை நீங்கும். அவர் கேட்பது உங்களை வந்தடையாது.'

"ஐயோ, நான் படிக்கலயே! நான் படிக்கவே இல்லயே!"

"என்னத்தைப் படிக்கல? நான் கிளம்பிட்டேன், முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீ…"

அவள் பைத்தியம் பிடித்தவள்போல விசைகளை அடித்தாள். கிடைத்த விசையையெல்லாம் அடித்தாள். ஒரு பெட்டி வந்தது. அதைக் கண் பார்ப்பதற்குள் சுண்டுவிரல் தன் பத்து வருஷ வேலையைச் செய்துவிட்டது.

கணவனின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. கைபேசித் திரையில் அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நொடிகள் கூடின. குரலில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. வீட்டில் எதுவும் மாறவில்லை. வாசல் கதவைத் திறந்துவைத்து "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மழைதான் கேட்டது. அக்கா வீட்டில் இல்லையா, இருந்தும் கேட்கவில்லையா, இதோ எதிரிலேயே நின்று என்னவென்று கேட்கிறாளா? எப்படித் தெரியும்? எந்தச் சனியனிடம் போய்க் கேட்பது?

பிரிட்ஜின் மேலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். ஹாலின் நடுவில் மண்டியிட்டுக் காற்றில் நீட்டினாள்.

"இந்தாடி என் தங்கம். வாங்கிக்கோ. அம்மா கோவமில்லடி. அம்மாவுக்கு நீ தெரியல, அவ்வளவுதான். வாங்கிக்கோ. உனக்குத் தெரியும்ல எப்படி அமுக்கறதுன்னு?"

யாரும் வாங்கவில்லை. கீழே வைத்துவிட்டு விலகிப் பார்த்தாள். அது வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு துழாவினாள். சோபா மேல், மேஜைக்கடியில், திரைச்சீலைக்குப் பின்னால். இரண்டு கையாலும் அணைத்து அணைத்துப் பார்த்தாள். வெறும் காற்று. பெற்றவள் கைக்குப் பிள்ளை தட்டுப்படவில்லை. ஈரத் தடங்கள் காயத் தொடங்கியிருந்தன. புதிதாக ஒன்றும் விழவில்லை.

அப்போது அலமாரியைப் பார்த்தாள்.

கீழ்த்தட்டுக் கண்ணாடிக் கதவு. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வெள்ளையாக ஒரு ஆவித் திட்டு. யாரோ அங்கே உட்கார்ந்து, கண்ணாடியில் முகத்தைச் சாய்த்து, மூச்சு விட்ட மாதிரி. உள்ளங்கை அகலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. மறுபடியும் பூத்தது.

தவழ்ந்து போனாள். இன்ஹேலரை அந்தத் திட்டுக்கு நேரே கொண்டுபோய் அமுக்கினாள். மருந்து கண்ணாடியில் பட்டுச் சொட்டாக வழிந்தது. கொஞ்சம் தள்ளி. மறுபடியும் அமுக்கினாள். வழிந்தது. வாய் எங்கே? உதடு எங்கே?

"இழுடி. மூச்சை இழு கண்ணு. இழு."

திட்டு பூத்தது. எலுமிச்சம்பழம் அளவு.

மறைந்தது.

பூத்தது. விரல்நுனி அளவு.

மறைந்தது.

அவள் முகத்தைக் கண்ணாடிக்கு வெகு அருகில் கொண்டுபோனாள். தன் மூச்சு பட்டு அது மூடிவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது.